சொந்த மாநிலம் என்ற கட்டம்

1

சென்ற வாரம் ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் என்னிடம் கேட்டார்: "கோமதி டீச்சரே, வெக்கேஷனு நாட்டில் போகுன்னில்லே?"

நாடு என்றால் இங்கே சொந்த ஊர். விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லையா என்று கேட்கிறார். ஒவ்வொரு மார்ச் மாதமும் அன்பாகத்தான் கேட்பார். இந்த முறை எனக்குச் சுருக்கென்றது. நான் மட்டாஞ்சேரிக்கு வந்து அந்த வாரத்தோடு பதினைந்து வருஷம் நிறைந்திருந்தது.

"இதல்லே டீச்சரே என்டெ நாடு" என்றேன், இதுதானே என் ஊர் என்று.

அவர் சிரித்தார். "அது செரி. என்னாலும்..." என்று இழுத்துவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

என்னாலும் என்றால் இருந்தாலும். அந்த "என்னாலும்" என்ற சொல்லோடு நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் நம்மவர்கள் பத்திரிகைகளுக்குக் குறிப்புகள் எழுதுகிறார்கள். பனியைப் பற்றியும் விமானத்தைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்ல இருக்கிறது. நான் கடலைக் கடக்கவில்லை. தென்காசியில் ரயிலேறி, ஆரியங்காவு மலையைக் கடந்து, கொல்லத்தில் வண்டி மாறி, எறணாகுளத்தில் இறங்கிப் படகு பிடித்தேன். அவ்வளவுதான் தூரம். ஆனால் ஒருத்தியை அயலூர்க்காரி ஆக்குவதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் போதும் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

2

என் கணவர் சுடலைமுத்துவுக்கு வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை. கல்யாணமான வருஷமே அழைத்து வந்துவிட்டார். நான் மெட்ராஸில் ஓவியம் படித்தவள். பட்டயத்தைப் பெட்டியின் அடியில் சேலைக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷத்தில் பூரணி பிறந்தாள். அவளுக்கு நாலு வயதானபோது அவர் குவைத்துக்குப் போனார். அந்தச் சமயத்தில்தான் எனக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிராயிங் டீச்சர் வேலை கிடைத்தது. இன்றுவரை தற்காலிகம்தான். அவர் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி, பழைய வேலையிலேயே சேர்ந்துகொண்டார்.

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் சுக்குக் களங்கள் இருக்கின்றன. பண்டகசாலைகளின் உள்முற்றத்தில் இஞ்சியைச் சுண்ணாம்பில் தோய்த்து உலர்த்தி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். கை, புருவம், முக்காட்டு ஓரம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். முதல் நாள் வாசலில் நின்று பார்த்தேன். மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன். மூன்றாவது நாள் ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"எந்தா, கம்பெனிக்காரங்க அனுப்பிச்சாங்களா? யாரு எத்தனை நேரம் இருக்காங்கன்னு எழுதறியா?"

நோட்டைக் காட்டினேன். அவளுடைய முதுகும் வளைந்த கழுத்தும் அதில் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் இவ்வளவு தடியா?" என்றாள்.

அவள்தான் கதீஜாக்கா. பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், களத்தில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அன்றிலிருந்து எனக்குக் களத்துக்குள் உட்கார ஒரு சாக்கு கிடைத்தது. ஒன்பது வருஷமாக அந்தப் பெண்களைத்தான் வரைந்துவருகிறேன். கோராத் துணியில், அவர்கள் மேல் படிகிற அதே சுண்ணாம்பை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசுவேன். வீட்டில் வரைய இடமில்லை. ஒற்றை அறையில் கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் துணியை விரிப்பேன். யாராவது சாப்பிட உட்கார வேண்டும் என்றால் படத்தைச் சுருட்ட வேண்டும். பாதி உலர்ந்த சுண்ணாம்பைச் சுருட்டினால் என்ன ஆகும் என்று சுவருக்கு வெள்ளையடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே, பள்ளி நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையில் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது உதவித்தொகை அல்ல. "தனி அறையும் தனிப் பணிக்கூடமும்" என்ற வரிதான்.

3

வடக்கே ஒரு நகரத்தில் ஓவியர்களுக்கான இல்லம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆறு மாதம் தங்கி வரையலாம். ரயில் கட்டணம், சாப்பாடு, மாதாமாதம் ஒரு தொகை. நடத்துகிறவர்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, படிவம்தான் கோணல். ரெசிடென்சி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். கதீஜாக்காவிடம் சொன்னேன்.

"ரெசிடென்சியா? போல்காட்டியில துரைமார் இருந்த பங்களா மாதிரியா?"

"அதுமாதிரிதான். துரை இருக்க மாட்டார்."

"அப்ப போ" என்றாள்.

படிவத்தில் ஏழாவது கட்டம்: சொந்த மாநிலம். அந்த மாநிலத்தின் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அத்தாட்சி இணைக்க வேண்டும். நான் பிறந்தது தமிழ்நாடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த மே மாதம் தென்காசிக்குப் போய், அண்ணனைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸில் நின்றேன். குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"எந்த ஊர்லம்மா ரேஷன் வாங்குதிய?"

"மட்டாஞ்சேரியில."

"அப்ப அங்கதான கேக்கணும்?"

"பொறந்தது இங்க. படிச்சது இங்க. எங்க அண்ணன் இந்தா நிக்கான்."

"உங்க அண்ணன் கேட்டா உங்க அண்ணனுக்குத் தாரேன். கட்டிக் குடுத்துப் போன பிள்ளைக்கு இங்க என்ன அத்தாட்சி?"

அண்ணன் வெளியே வந்து, "அவன் சொல்லுததும் சரிதான பிள்ளே" என்றான். அது எனக்கு குமாஸ்தா சொன்னதைவிட அதிகமாக வலித்தது. அந்த வருஷ விண்ணப்பம் அத்தாட்சி இல்லாமலே போய், அப்படியே திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் கேரளம் என்று எழுதினேன். இங்கே வில்லேஜ் ஆபீஸில் நாலு முறை ஏறி இறங்கினேன். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. மலையாளத்தில் நன்றாகப் பேசுகிறேன் என்ற நினைப்பில் அந்த அலுவலரிடம், "சாரே, எனிக்கு அவசரமாணு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம். எவிடெயா அவசரம்?"

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. எனக்கு வாய்ப்பு வந்திருக்கிறது என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டு, எங்கே என்று விசாரித்தார். உண்மையிலேயே நல்ல மனிதர். சாயா வாங்கிக் கொடுத்தார். சாயா குடித்து முடித்ததும் சொன்னார்: "ரெசிடென்ஸ் தராம். நேட்டிவிட்டி தரான் பற்றில்ல." இங்கே குடியிருக்கிறாள் என்று எழுதித் தரலாம், இந்த மண்ணைச் சேர்ந்தவள் என்று எழுதித் தர முடியாது.

"பத்து வருஷமாயி சாரே."

"நூறு வருஷமாயாலும் டீச்சரே" என்றார் வருத்தத்தோடு.

அதே வாரம் பூரணியின் பள்ளி அறிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட எடுத்தேன். தாய்மொழி என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் மலையாளம் என்று இருந்தது.

"யாரு இப்படி எழுதச் சொன்னா?"

"எல்லாரும் அதல்லே எழுதுறாங்க. எனக்குத் தமிழ் வாயிக்கத் தெரியாதல்லோ" என்றாள். வாயிக்க என்றால் படிக்க. தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது என்பது உண்மை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வரைய வேண்டும், சமைக்க வேண்டும், நேரமில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எட்டு வயதுப் பெண்ணை அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு இறக்கிவிட்டேன். நான் நாலு முறை படியேறியும் கிடைக்காததை அவள் ஒரு பேனாவால் எடுத்துக்கொண்டுவிட்டாள். பொறாமையாகக்கூட இருந்தது.

4

மூன்றாவது வருஷம் ஏழாவது கட்டத்தில் "மட்டாஞ்சேரி" என்று எழுதினேன்.

வேண்டுமென்றேதான் எழுதினேன். படங்களின் புகைப்படம் பத்து கேட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் கல்யாணப் படம் எடுக்கும் சேட்டனை அழைத்துப் போனேன். துணிகளைச் சுக்குக் களத்துச் சுவரில் மாட்டி, வெயில் சரியான பக்கத்துக்கு வரும்வரை காத்திருந்தோம். சேட்டனுக்கு ஆட்கள் இல்லாமல் படம் எடுத்துப் பழக்கமில்லை. ஒவ்வொரு துணிக்குப் பக்கத்திலும் யாராவது நின்றால் அழகாக இருக்கும் என்று வற்புறுத்தினார். களத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நிற்கத் தயாரானார்கள். கடைசியில் ஒன்பது படம் தனியாகவும், ஒன்று கதீஜாக்கா தன் உருவத்துக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பதாகவும் அமைந்தது. பத்தாவது வேறு இல்லாததால் அதையும் அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தது. மட்டாஞ்சேரி என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு. பக்கத்தில், "இது மாநிலம் அல்ல. சரியாக நிரப்பவும்."

"இதெல்லாம் வீம்பு" என்றார் என் கணவர். "ஒரு தடவை பாளையங்கோட்டை வக்கீலப் பாத்து ஏதாவது அத்தாட்சி வாங்கிட்டா முடிஞ்சிது."

"வாங்கி என்ன செய்ய? நான் தென்காசியில இருக்கேன்னு பொய் சொல்லணும். இல்ல, இங்க பொறந்தேன்னு பொய் சொல்லணும். படம் நல்லா இருக்கா இல்லையான்னு ஒருத்தரும் இன்னும் பாக்கவே இல்ல."

நாலாவது வருஷம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நுணுக்கி எழுதினேன்: "பிறந்தது தமிழ்நாடு. வாழ்வது கேரளம். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளவும்." கூடவே ஒரு தனித்தாளில், இரண்டு ஆபீஸ்களிலும் எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே எழுதி, இந்தக் கட்டத்தால் விழுந்தவள் நான் ஒருத்தியாக இருக்க முடியாது என்றும், இடம் மாறிப் பிழைக்கப் போனவர்கள் யாருமே வரையக் கூடாதா என்றும் கேட்டிருந்தேன். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்திருக்கும். பள்ளியில் யாரிடமும் திருத்தக் கொடுக்கவில்லை. திருத்தினால் காரம் போய்விடும் என்று தோன்றியது.

எறணாகுளத்தில் நேர்காணல் என்று கடிதம் வந்தது.

5

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அதிகாரி. ஒருவர் வெள்ளை ஜிப்பா போட்ட ஓவியர். ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஓவியர் ஆங்கிலத்தில் கேட்டார், எந்தப் பாணியைச் சேர்ந்தவள் நான் என்று. எங்கே கண்காட்சி வைத்தேன் என்றும் கேட்டார். சுக்குக் களத்துச் சுவரில் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு, "பெண் குழந்தை இருக்கிறது. ஆறு மாதம் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றார்.

எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தவர் ஒரு ஆண். வெளியே பெஞ்சில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார், அவருக்கு மூன்று குழந்தைகள்.

"இப்போது போனாரே, அவரிடம் இதைக் கேட்டீர்களா?" என்றேன்.

அதிகாரியின் காது சிவந்தது. ஓவியர் ஜன்னலைப் பார்த்தார். போயிற்று, படகுக்கு நேரமாகிறது என்று நான் மனதுக்குள் எழுந்தே விட்டேன். அப்போதுதான் அந்த அம்மாள் பேசினார்.

"இந்த வெள்ளை என்ன வெள்ளை? கடையில் வாங்கியதில்லையே."

ஒரு சிறிய துணியை நான் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். மேஜைமேல் விரித்தேன். சுண்ணாம்பு என்று சொன்னேன். எப்படி நீரூற்றித் தணிக்கிறேன், எத்தனை நாள் ஊற வைக்கிறேன், பசை கூடினால் எப்படி மஞ்சளாகும், குறைந்தால் எப்படி உதிரும் என்றெல்லாம் சொன்னேன். ஆங்கிலம் பாதியில் தீர்ந்துபோய்த் தமிழுக்கும் மலையாளத்துக்கும் மாறியதை நான் கவனிக்கவில்லை. அவர் கட்டைவிரலால் துணியின் ஓரத்தைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார்.

"இது அந்தப் பெண்களின் கையை அரிக்காதா?"

"அரிக்கும். அதனால்தான் இதையே பூசுகிறேன்."

அன்று படகில் திரும்பும்போது அந்தத் துணியைச் சுருட்டாமல் மடியில் விரித்தே வைத்திருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் படத்தைப் பற்றி ஒருத்தர் கேள்வி கேட்டிருந்தார்.

6

தேர்வாகிவிட்டேன். கடிதத்தோடு இன்னும் ஒரு தாள் இருந்தது. எறணாகுளம் அலுவலகத்தில் அதை விளக்கிய குமாஸ்தா, கீழே ஒரு கோட்டைக் காட்டி, "பர்த்தாவின்டெ ஒப்பு வேணம்" என்றார்.

கணவரின் கையெழுத்து. மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்துதான். என் காதில் அது தமிழாக விழுந்தது. புருஷனின் ஒப்புதல். தாளில் படித்துப் பார்த்தேன், என் காது கேட்டதுதான் சரி. மனைவி போவதற்குத் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று கணவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

வீட்டுக்கு வந்து தாளைக் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"குடு. போட்டுத் தாரேன்."

"வேண்டாம்."

"ஏன், நான் போகாதேன்னா சொன்னேன்?"

"சொல்லல. நீங்க குவைத்துக்குப் போனீங்க. நாலு வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு, சொந்தம்னு ஒருத்தரும் இல்லாத ஊர்ல இருந்தேன். அப்ப எங்கிட்ட யாராவது ஒரு தாளக் கொண்டுவந்து, இதுக்கு ஆட்சேபணை இல்லைன்னு போடும்மான்னு கேட்டாங்களா?"

அவர் பேனாவை மூடினார். "அது வேலைக்குப் போனது கோமதி."

"இதுவும் வேலைக்குத்தான்."

"ஒரு கையெழுத்துக்காக வந்தது போயிருமே."

"போனாப் போகுது."

போனால் போகட்டும் என்று எனக்கு உண்மையில் இல்லை. கதீஜாக்காவிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திட்டினாள்.

"பிராந்தா உனக்கு? நாலு கொல்லமா நடந்து நடந்து கிட்டின சாதனம். அவரு நல்ல மனுஷன், ஒப்பு போடறேங்கறாரு. வாங்கிட்டுப் போகாம கச்சறை பண்றே. எனக்கு இப்படி ஒரு கடலாசு வந்தா ஊர்ல இருக்கிற எல்லார் ஒப்பும் வாங்கிட்டுப் போவேன்."

நாலு வருஷம் அலைந்து கிடைத்ததை விட்டுவிட்டு வம்பு பண்ணுகிறேனாம், எனக்குப் பைத்தியமாம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்கு அப்படி ஒரு தாள் வரப்போவதில்லை. அவள் முன்னால் நின்று கொள்கை பேச எனக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அந்தக் கோட்டைக் காலியாக விட்டேன். அதற்குக் கீழே, "விண்ணப்பித்தவள் நான். கையெழுத்து மேலே இருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரம் பதிலே இல்லை. பிறகு ரயில் டிக்கெட்டுக்கான தாள் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று களத்தில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பூரணிக்கு அப்போது பத்து வயது. ரயிலடியில் அவள் அழவில்லை. "அம்மா, அவிடெ தணுப்பாயிருக்கும், ஸ்வெட்டர் இட்டுக்கோ" என்றாள். அழுதது நான்தான்.

7

அங்கே எனக்குக் கிடைத்த பணிக்கூடத்துக்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். முதல் பத்து நாள் நான் எதையும் வரையவில்லை. நாலு துணிகளைத் தரையில் விரித்துப் போட்டுவிட்டு, யாரும் அவற்றைச் சுருட்டச் சொல்லாததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பதினோராவது நாள் ஏதோ ரசீதில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். என் கோப்பு மேஜைமேல் திறந்திருந்தது. காலிக் கோடு இருந்த என் தாளின் மேல் ஒரு கடிதம் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த, சாய்ந்த ஆங்கில எழுத்து. என் மனைவி கோமதி ஆறு மாதம் தங்கி வரைவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. கீழே சுடலைமுத்துவின் கையெழுத்து. நான் தாளை அனுப்பி ஒரு வாரத்துக்குள் அவர் தீவிலிருந்து தனியாகத் தபாலில் போட்டிருக்கிறார்.

நான் ஜெயித்ததாக நினைத்ததெல்லாம் அந்தக் குண்டூசி முனையில் நின்றுகொண்டிருந்தது. பழம்பொரி வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

"இந்தக் கடிதத்தை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

கோப்பில் சேர்ந்ததை எடுக்க முடியாது என்றார் அலுவலர்.

"அப்படியென்றால் சேர்க்க முடியுமா?"

"சேர்க்கலாம்."

அங்கேயே நின்றபடி ஒரு தாளில் எழுதினேன். மேற்படி கடிதம் என் வேண்டுகோள் இல்லாமல், எனக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்டது. நான் என் விண்ணப்பத்தின் பேரிலும் என் படங்களின் பேரிலும் மட்டுமே இங்கு வந்திருக்கிறேன். அவர் ஒரு முறை படித்தார். என்ன நினைத்தாரோ, வரவு முத்திரை குத்தி, என் கணவரின் கடிதத்துக்கு மேலேயே குண்டூசியில் குத்தி வைத்தார். இன்றும் அந்தக் கோப்பில் எங்கள் இருவரின் கடிதங்களும் ஒரே குண்டூசியில் இருக்கும்.

வீட்டுக்கு நான் எழுதிய கடிதத்தை இங்கே எழுத மாட்டேன். பதில் ஒரு இன்லண்ட் கவரில் வந்தது. "நீ போகணும்னுதான் போட்டேன். நீ வேண்டாம்னு சொன்னதுக்கு மேல போட்டது தப்புதான். திரும்பி வந்து திட்டு. இப்ப படத்த வரை." இவ்வளவுதான்.

மடித்த ஓரத்தில் பூரணியும் எழுதியிருந்தாள். மலையாள எழுத்து. பெருமூச்சோடு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் நிறுத்தினேன். எழுத்து மலையாளம், ஆனால் பாஷை தமிழ். "அம்மா, நான் சாப்பிட்டேன். அப்பா வச்ச குழம்பு நல்லா இல்லை. கதீஜா அத்தை மீன் கொடுத்தாங்க. நீ எத்தனை படம் வரைஞ்சே?" வீட்டில் நாங்கள் பேசும் தமிழை, தெரிந்த எழுத்தில் அப்படியே இறக்கி வைத்திருந்தாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே கண்டுபிடித்த வழி. நானும் அதே மாதிரி, மலையாள எழுத்தில் தமிழாகப் பதில் எழுதினேன். ஆறு மாதமும் அப்படித்தான் எழுதிக்கொண்டோம். தபால்காரர்களில் யாராவது படித்திருந்தால் குழம்பிப்போயிருப்பார்கள்.

அந்த ஆறு மாதத்தில் பதினேழு துணிகள் முடித்தேன்.

8

திரும்பி வந்ததும் அவரைத் திட்டினேன். சொன்னபடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "குழம்பு வைக்கப் படிச்சுட்டேன்" என்றார். அதற்கு நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் மன்னித்ததாக அவர் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று இப்போதும் அவ்வப்போது நினைவூட்டுகிறேன்.

மழைக்காலத்தில் சுக்குக் களம் காலியாகக் கிடக்கும். முதலாளியிடம் கேட்டு, இரண்டு நாள் பதினேழு துணிகளையும் அங்கே மாட்டினேன். பள்ளியிலிருந்து சிலர் வந்தார்கள். போர்ட் கொச்சியிலிருந்து ஊர் சுற்ற வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள் அப்படியே பார்த்துவிட்டுப் போனார்கள். களத்துப் பெண்கள் எல்லோரும் வேலைநாளில் உடுத்தாத புடவை உடுத்தி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் முதலில் தன்னைத் தேடினாள், பிறகு பக்கத்தில் உட்காருகிறவளைத் தேடினாள். அந்த நேரத்தில் எந்த ஆபீஸின் அத்தாட்சியும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஏழாவது கட்டம் இன்னும் படிவத்தில் இருக்கிறது. எனக்குப் பிறகு கட்டத்தை மாற்றினார்கள் என்று எழுத ஆசைதான். மாற்றவில்லை. வருஷா வருஷம் ஒரு கடிதம் போடுகிறேன், அதை நீக்கச் சொல்லி. அவர்கள் வருஷா வருஷம் பரிசீலிப்பதாக எழுதுகிறார்கள்.

இந்த மாதம் வேறொரு அறிவிப்பு வந்திருக்கிறது. இது நிஜமாகவே கடல் கடந்தது. ஒரு வருஷம், தனிக்கூடம், எல்லாச் செலவும் அவர்களுடையது. மாநிலம் கேட்கவில்லை, கணவரைக் கேட்கவில்லை. வயதைக் கேட்டிருக்கிறார்கள், நாற்பதுக்கு மேற்படக் கூடாது.

பூரணிதான் படிவத்தை வாங்கி உரக்கப் படித்தாள். பதின்மூன்று வயதாகிவிட்டது, ஆங்கிலத்தில் என்னைவிடத் தெளிவு. அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அம்மா, உனக்கு நாற்பத்தொண்ணு அல்லே?"

"ஆமா."

"அப்ப எந்தினா அயக்கறே? பற்றில்லன்னு அவங்க எழுதியிருக்காங்களே."

அனுப்புவதில் என்ன பிரயோசனம் என்று கேட்கிறாள். சரியான கேள்விதான். பேனாவை வாங்கி, பிறந்த வருஷத்தை ஒன்றுகூடக் குறைக்காமல் உள்ளபடி எழுதினேன்.

"முடியாதுன்னு சொல்லுறது அவங்க வேலை பூரணி. அந்த வேலையையும் நானே செஞ்சு கொடுக்க மாட்டேன்" என்றேன்.